காட்டுத் தடத்திலும் உப்பள வரப்பிலும் வண்டி ஓட்டுதல்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலை பிரம்மதேசத்தின் வழியே செல்கிறது. அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவதற்குத் தனிப் பாடம் எதுவும் வேண்டுவதில்லை. உரிமம் பெற்றுக் கண்ணும் கையும் நிதானமாக இருந்தால் போதும். ஆனால் அந்தச் சாலையில் ஏறும் சரக்கு எங்கே பிறக்கிறது என்று சற்று எண்ணிப் பார்ப்போம். உப்பு பாத்தியின் நடுவே விளைகிறது. சவுக்கு மணற்பாங்கான கொல்லையிலே வெட்டப்படுகிறது. நெல் கழுவேலி ஏரியை ஒட்டிய களிமண் வயலிலிருந்து வருகிறது. இவற்றுள் எதுவும் தார்ச்சாலையின் ஓரத்தில் மூட்டையாகக் கட்டப்பட்டு நமக்காகக் காத்திருப்பதில்லை. அரை மைலோ ஒரு மைலோ, சாலை என்று சொல்லத்தகாத ஒரு தடத்தைக் கடந்தே அது சாலைக்கு வந்து சேர வேண்டும். அச்சு முறிவதும், டிராக்டர் கவிழ்வதும், மழைக்காலத்தில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஏற்றிய வண்டி சேற்றில் நின்றுவிடுவதும் அந்த ஒரு மைலில்தான். உரிமம் வழங்குமுன் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்லுகிறார்களே அன்றி, உளைச் சேற்றில் சிக்கிய சக்கரத்தை மீட்டுக் காட்டு என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆதலின் இக்கலையை நாமே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இக்கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. சங்க காலத்தில் உப்பு விற்ற உமணர்கள் பார வண்டிகளில் உப்பேற்றிக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் சென்றார்கள். அவர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி எடுத்துச் சென்றதைப் புறநானூறு குறிப்பிடுகிறது. சேம அச்சு என்பது அதன் பெயர். மேடும் பள்ளமுமான வழியில் எது முறியும் என்பதை முன்னரே எண்ணி, அதற்கு மாற்றினைக் கையோடு கொண்டு புறப்படுவதே வழியறிந்தவன் செய்கை. இன்று உப்பளத்துக்குள் இறங்கும் லாரிகளில் எத்தனை வண்டிகளில் ஒரு மண்வெட்டியும் இரண்டு பலகையும் இருக்கின்றன என்று எண்ணினால் உமணர் நம்மைவிட விவேகிகள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

பிற்காலத்தில் இவ்வட்டாரத்துப் பாரங்களில் ஒரு பகுதியைப் படகுகள் சுமந்தன. சென்னை வழியாக வடக்கே ஆந்திரக் கடற்கரை வரை நீளும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணத்தை அடுத்தே முடிகிறது. கால்வாய்ப் போக்குவரத்து ஓய்ந்த பிறகு பாரம் முழுவதும் சக்கரத்தின் மேல் வந்தது. முதலில் மாட்டு வண்டி, பிறகு லாரி, இப்பொழுது டிராக்டரும் ‘குட்டியானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டியும். மாட்டு வண்டிக்காரனுக்கு ஒரு வசதி இருந்தது. மாடு தானே நின்றுவிடும். முன்னங்கால் புதைந்தால் அது அடுத்த அடி வைப்பதில்லை. இயந்திரத்துக்கு அந்த அறிவு இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் வரையில் அது தன் சக்கரத்துக்குத் தானே குழி தோண்டிக்கொண்டிருக்கும்.

கிராமங்களுக்கு ஜீப் வந்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்காக உருவான வண்டி அது. நான்கு சக்கரங்களும் இழுக்கும். 1947-இல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் அதனைப் பொருத்தத் தொடங்கியது. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப் நாட்டுப்புறமெங்கும் பழகிய காட்சியாயிற்று. அந்நாளில் எழுந்த நம்பிக்கை ஒன்று இன்றும் போகவில்லை. நான்கு சக்கர இழுவை இருந்தால் எங்கும் போகலாம் என்பதே அது. நாம் அறிந்தவரையில் இதைப் போல் வண்டிகளைக் கெடுத்த நம்பிக்கை வேறு இல்லை. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியும் சேற்றில் சிக்கும். சாதாரண வண்டி முதல் முழத்திலேயே சிக்குமென்றால், இது இன்னும் நூறு முழம் உள்ளே சென்று, ஆள் உதவிக்கு வர முடியாத இடத்தில் சிக்கும். அவ்வளவே வேறுபாடு.

காட்டுக்குள் வண்டி ஓட்டுவதை உலகில் ஒரு விளையாட்டாகவும் நடத்துகிறார்கள். 1980-இல் பிரேசில் நாட்டு அமேசான் காட்டுச் சாலையில் தொடங்கிய கேமல் டிராபி என்னும் பயணப் போட்டி இருபது ஆண்டுகள் நடந்தது. மலேசியாவில் 1997 முதல், மழை கொட்டும் காலத்தில், பழங்காட்டுச் சேற்றில் போட்டி வைத்தார்கள். அதன் கிளையாக நம் நாட்டில் கோவாவில் 2014-இல் ஒன்று தொடங்கியது. அந்தப் படங்களைக் கைப்பேசியில் பார்க்கும் நம் இளைஞர்கள், சேற்றை வாரி இறைத்துப் பாய்வதே திறமை என்று எண்ணிவிடுகிறார்கள். படத்தில் வராத பகுதியே பெரும்பகுதி. அப்போட்டிகளில் ஒவ்வொரு வண்டியிலும் இருவர் இருப்பர். ஒருவர் இறங்கி நடந்து வழி பார்ப்பார். மற்றவர் அவர் கை காட்டும் திசையில் ஓர் ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியை விடுவார். தேனி மாவட்டத்தின் எல்லையிலுள்ள கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் ஓட்டும் ஓட்டுநர்களைக் கவனித்தாலும் இதுவே விளங்கும். நாள்தோறும் பாறைத் தடத்தில் பிழைப்பு நடத்தும் அவர்கள் விரைவதில்லை. வண்டி பழுதானால் மறுநாள் கூலி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். நமக்கு வேண்டிய ஆசிரியர்கள் இவர்களே.

முதற் பாடம், இறங்கி நடத்தல். தடம் ஐயத்துக்கு இடமாகத் தோன்றும் இடத்தில் வண்டியைத் திடமான தரையில் நிறுத்திவிட்டு, ஒரு கோலுடன் நடந்து செல்ல வேண்டும். குதிகாலை ஊன்றித் திருப்பினால் எவ்வளவு அமிழ்கிறது என்று பார்க்க வேண்டும். கோல் இரண்டு மூன்று அங்குலத்தில் கெட்டித் தரையைத் தொட்டால் செல்லலாம். ஒரு முழம் இறங்கியும் தட்டவில்லையென்றால் வேறு வழி தேட வேண்டும். ‘நேற்றுப் போனேன், இன்றும் போகலாம்’ என்பது இக்கரையோரத்தில் செல்லாத வாதம். முன்னிரவு பெய்த மழையும், கழிமுகத்தில் ஏறி இறங்கும் நீரும் தரையை ஒரே நாளில் மாற்றிவிடும்.

இவ்வட்டாரத்தில் தரை ஒரே இனமாக இல்லை. உப்பளத் தரையே மிகவும் ஏமாற்றுவது. மேலே உப்புப் பூத்து வெண்மையாகக் காய்ந்து, சிமிட்டித் தளம் போலத் தோன்றும். அந்த ஏடு விரற்கடை கனமே இருக்கும். அடியில் கரிய உளை வழுவழுப்பாகக் கிடக்கும். ஆள் நடந்தால் தாங்கும். சக்கரம் ஏறினால் ஏடு உடைந்து அச்சு வரை இறங்கும். ஆகவே உப்பளத்தில் வரப்பை விட்டுப் பாத்திப் பக்கம் வண்டி இறங்கவே கூடாது. வரப்பிலும் விளிம்பை நெருங்கலாகாது. இதற்கு எளிதான அளவு ஒன்று உண்டு. பக்கத்திலுள்ள வாய்க்கால் எத்தனை அடி ஆழமோ, அதன் கரையிலிருந்து குறைந்தது அத்தனை அடி தள்ளிச் சக்கரம் செல்ல வேண்டும். நான்கடி ஆழ வாய்க்காலென்றால் நான்கடி விலகல். அவ்வளவு அகலம் இல்லாத வரப்பில் பாரம் ஏற்றிய டிராக்டருக்கு வேலை இல்லை. தலைச்சுமையாகவோ கைவண்டியிலோ கொண்டுவந்து, அகன்ற இடத்தில் ஏற்றுவதே முறை. உப்பளத் தொழிலாளர் முதுகில் இச்சுமை விழுகிறது என்பதை நாம் மறக்கவில்லை. வரப்புகளில் ஒன்றிரண்டையாவது வண்டி செல்லும் அளவுக்கு அகலப்படுத்தித் தரும்படி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோரைக் கேட்பது நியாயமே.

கழுவேலி ஓரத்துக் களிமண் வேறு வகை. அது டயரின் பள்ளங்களை அப்பி நிரப்பிவிடும். நிரம்பிய டயர் வழுக்கைத் தலை போன்றது, எதையும் பற்றாது. இங்கே மெதுவான ஒரே சீரான ஓட்டமே தக்கது. நடுவில் கியர் மாற்றினால் வண்டி நின்றுவிடும். ஆகவே இறங்குமுன் தாழ்ந்த கியரைத் தேர்ந்து, அதிலேயே கடந்து முடிக்க வேண்டும். சக்கரம் சுழலத் தொடங்கிய கணத்திலேயே காலை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் மிதிக்கும் ஒவ்வொரு வினாடியும் பிறகு ஒரு மண்வெட்டி மண்ணாகத் திரும்பி வரும்.

கடற்கரை மணலுக்குப் பாடம் வேறு. 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் எகிப்து, லிபியா நாடுகளின் பாலைவனத்தில் சாதாரண கார்களை ஓட்டிக் காட்டிய பாக்னால்ட் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, டயரின் காற்றைக் குறைத்தும், சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடு இட்டும் மணல் மேடுகளைக் கடந்தார். காற்றுக் குறைந்த டயர் தரையில் நீளமாகப் படிகிறது. பாரம் பரவுவதால் மணலில் அமிழ்வது குறைகிறது. வழக்கமாக 30 பவுண்டு காற்று வைக்கும் ஜீப்பில் 18 அல்லது 20 பவுண்டுக்குக் குறைத்தால் வேறுபாடு உடனே தெரியும். ஆனால் மூன்றை மறக்கலாகாது. குறைத்த காற்றோடு விரைந்து ஓட்டவும், சட்டெனத் திருப்பவும் கூடாது. தார்ச்சாலை ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்பியாக வேண்டும். பாரம் ஏற்றிய டிரெய்லரின் டயரில் காற்றைக் குறைக்கவே கூடாது. மீனவ ஊர்களில் பைபர் படகைக் கரையேற்றும் டிராக்டர் ஓட்டிகள் மணலில் எங்கே திரும்பலாம், எங்கே நேராகப் பின்னோக்கி வரவேண்டும் என்பதைப் பழக்கத்தால் அறிந்திருக்கிறார்கள். அவர்களிடம் அரை நாள் நின்று பார்ப்பது நாம் எழுதும் பத்துப் பக்கத்துக்கு ஈடாகும்.

டிஃபரென்ஷியல் என்னும் உறுப்பின் இயல்பையும் அறிந்துகொள்வது நலம். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருப்பதால், இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுழல விடுவது இவ்வுறுப்பு. சாலையில் இது நன்மை. சேற்றில் இதுவே தீமையாகிறது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழன்றால், கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் வலு கிடைப்பதில்லை. பெரும்பாலான டிராக்டர்களில் இதற்கென ஒரு பூட்டு மிதி உண்டு. அதனை மிதித்தால் இரு சக்கரமும் ஒன்றாகச் சுழலும். சிக்கிய பிறகு, சக்கரம் பறந்து சுழலும்போது மிதித்தால் பற்சக்கரம் உடையும். சேற்றில் இறங்குமுன் மிதிக்க வேண்டும், நேராகவே செல்ல வேண்டும், கடந்தவுடன் விடுவிக்க வேண்டும். பூட்டோடு திரும்ப முயன்றால் டிராக்டர் திரும்பாமல் நேரே வாய்க்காலுக்குள் செல்லும்.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையில் எல்லாவற்றினும் முக்கியமானது. சிக்கிக்கொண்ட டிராக்டரை வெளியேற்றும் போது உயிர் போகிறது. பின் சக்கரம் இரண்டும் புதைந்து சுழலாமல் நிற்கும் நிலையில், சக்கரத்துக்கு முன் கட்டையைப் போட்டோ, கட்டையைச் சக்கரத்தோடு சங்கிலியால் பிணைத்தோ, முன் கியரில் வேகம் கொடுக்கும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. சக்கரம் சுழல முடியாதபோது எஞ்சின் சும்மா இருப்பதில்லை. அது பின் அச்சைச் சுற்றி டிராக்டரின் உடலையே தூக்கிச் சுழற்றுகிறது. மூக்கு மேலெழும். கண் இமைக்கும் நேரத்தில் மீள முடியாத நிலையைக் கடந்து, இரண்டு வினாடிக்குள் ஓட்டியின் மேல் மல்லாந்துவிடும். ஒரு முறை சவுக்குக் கொல்லை ஒன்றில் இதனை நாம் கண்ணெதிரே கண்டோம். மூக்கு எழுந்ததும் ஓட்டி கிளட்சை மிதித்துவிட்டார். முன் சக்கரம் தடாரென்று தரையில் விழுந்தது. அவர் இறங்கி வந்து வரப்பில் உட்கார்ந்தவர், கால் மணி நேரம் வாய் திறக்கவில்லை. உதவிக்கு நின்றவர்களோ, ‘இன்னொரு தடவை பார்க்கலாம்’ என்றார்கள்.

இன்னொரு தடவை பார்க்கலாகாது. சிக்கிய டிராக்டரை முதலில் பின்னோக்கி எடுக்க முயல வேண்டும். வந்த தடமே அறிந்த தடம். அது இயலாவிடில் டிரெய்லரைக் கழற்றி, சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்ணைச் சரிவாக வெட்டி, சருகு, தென்னை மட்டை, கோணி ஆகியவற்றைப் பரப்பி மெல்ல நகர்த்த வேண்டும். வேறொரு வண்டி கொண்டு இழுப்பதாயின், கயிற்றைத் தாழ்ந்த இழுவைக் கொக்கியிலே மட்டும் மாட்ட வேண்டும். இருக்கையின் அடியிலோ, அச்சின் மேற்பகுதியிலோ மாட்டினால் இழுக்கும் வண்டியே மல்லாரும். இரும்புக் கயிறு அறுந்தால் சாட்டை போல் திரும்பி வரும். ஆகவே கயிற்றின் நடுவில் நனைந்த கோணி ஒன்றைப் போர்த்து, கயிற்றின் நீளத்துக்கு மேல் தள்ளி ஆட்களை நிறுத்த வேண்டும். சிறுவர்களை அங்கே வைத்துக்கொள்ளவே கூடாது.

டிராக்டரின் இடப் பிரேக்கும் வலப் பிரேக்கும் தனித்தனியாக இயங்குபவை. வயலில் திரும்புவதற்காக அவற்றைப் பிரித்து வைப்போம். பிரித்தபடியே சாலைக்கும் வரப்புக்கும் வந்து, ஒன்றை மட்டும் மிதித்தவர்களின் டிராக்டர் பக்கவாட்டில் கவிழ்கிறது. வயலை விட்டு ஏறும்போதே கொண்டியைப் போட்டு இரண்டையும் இணைத்துவிட வேண்டும். மட்கார்டின் மேல் ஆள் ஏற்றிச் செல்லும் வழக்கத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் பயன் காணவில்லை. ஆயினும் மீண்டும் எழுதுகிறோம். அங்கே உட்கார்ந்தவர் தவறினால் விழுமிடம் பெரிய சக்கரத்தின் அடி.

ஸ்வீடன் நாட்டில் 1959-ஆம் ஆண்டு முதல், புதிய டிராக்டர்கள் யாவும் ஓட்டியைக் காக்கும் இரும்புச் சட்டத்தோடுதான் விற்கப்பட வேண்டும் என்று விதித்தார்கள். டிராக்டர் கவிழ்வது நிற்கவில்லை. கவிழ்ந்தால் ஓட்டி சாவது மிகவும் குறைந்தது. நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் பலவற்றில் அந்தச் சட்டம் இன்னும் இல்லை. சட்டமுள்ள டிராக்டரில் இடுப்புப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். சட்டமில்லாததில் கட்டக்கூடாது. புதிதாக வாங்குவோர் மேற்கூரையின் அழகைப் பார்ப்பதோடு, அது கவிழ்ந்தால் தாங்கும் சட்டமா, வெயிலுக்கு மட்டும் ஆனதா என்று விற்பவரைக் கேட்டறிதல் நலம்.

நிற்க. இதுவரை வண்டியையும் ஓட்டியையும் பற்றிப் பேசினோம். வண்டி செல்லும் நிலத்தைப் பற்றியும் பேச வேண்டும். மரக்காணம் வட்டாரத்தில் குரும்புரம் காப்புக்காடு இருக்கிறது. அதைப் பார்த்துப் ‘புதர்’ என்று சொல்லுவோர் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டைப் போல் வானளாவிய மரங்கள் இங்கே இல்லை என்பது உண்மையே. ஆனால் இது சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைக் காடு. முன்பு கரை நெடுகப் பரவியிருந்து, இன்று காப்புக்காடுகளிலும் கோயிற் காடுகளிலும் துண்டு துண்டாக எஞ்சியிருப்பது. உலக்கைப்பாலை, வீரை, காயா, காட்டு எலுமிச்சை, களா முதலியன இங்கே உள்ளவை. வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்களில் கொட்டும் நீரை வாங்கி வைத்துக்கொண்டு, கோடை முழுவதும் இலை உதிர்க்காமல் நிற்பவை. மிக மெதுவாக வளர்பவை. கை பருமனுள்ள பாலை மரம் நம்மில் பலருக்கு மூத்ததாக இருக்கக்கூடும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் இசைவின்றி வண்டி ஓட்டிச் செல்வது, 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. நாம் சொல்ல வந்தது காட்டை ஒட்டியும், காட்டோரக் கொல்லைகளுக்கு இடையேயும் செல்லும் தடங்களைப் பற்றியும், தீ அணைக்கவோ மரம் நடவோ இசைவு பெற்று உள்ளே செல்லும் வண்டிகளைப் பற்றியும் ஆகும். மண் ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளில் கண்டறிந்த உண்மை ஒன்று இங்கே பயன்படும். கன்னி நிலத்தில் பார வண்டி ஓடினால், முதல் சில ஓட்டங்களிலேயே மண் பெரும்பாலும் இறுகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஓடும் நூறு ஓட்டத்தால் வரும் கேடு, முதல் சில ஓட்டத்தால் வந்த கேட்டைவிடப் பெரிதன்று. இறுகிய மண்ணில் நீர் இறங்காது, விதை முளைக்காது, வேர் மூச்சு விடாது. ஆகவே பத்து வண்டி பத்து வழியில் செல்வதைவிட, பத்தும் ஒரே தடத்தில் செல்வதே காட்டுக்கு நன்மை.

நடைமுறையில் நடப்பதோ நேர்மாறு. தடத்தில் ஒரு குட்டை தேங்குகிறது. முதல் வண்டி இடப்புறம் ஒதுங்கிச் செல்கிறது. பத்து நாளில் அந்த ஒதுக்கிலும் குட்டை தேங்குகிறது. அடுத்த வண்டி இன்னும் சற்று ஒதுங்குகிறது. எட்டடித் தடம் இரண்டு மூன்று பருவமழையில் நாற்பது அடிக் களமாகிவிடுகிறது. ஒதுங்கிய ஒவ்வொரு ஓட்டியும், தான் சேற்றைத் தவிர்த்த கெட்டிக்காரன் என்றே எண்ணியிருப்பான். சக்கரத் தடத்தில் சரிந்தோடும் மழைநீர் செம்மண்ணை அரித்துச் சிற்றோடையாக்கி, அந்த மண்ணை ஏரியில் கொண்டு சேர்க்கிறது. மாட்டுச் சாணத்தோடும் சேற்றோடும் வந்த வேலிகாத்தான் விதை, வெளிச்சம் கண்ட அந்த அகன்ற தடத்தில் வேரூன்றுகிறது.

கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிற்காட்டுக்குச் சென்றவர்கள் இதன் மற்றொரு முகத்தைக் கண்டிருப்பார்கள். குலதெய்வ வழிபாட்டுக்கு வண்டி வண்டியாகக் குடும்பங்கள் வருகின்றன. நிழல் தேடி மரத்தடி வரை வண்டியை விடுகிறார்கள். வேர்மேல் சக்கரம் ஏறி நிற்கிறது. தெய்வத்துக்கு அஞ்சிக் குச்சி ஒடிக்காதவர்கள் வேரை மிதிக்க அஞ்சுவதில்லை. கோயிற்காடு உள்ள ஊராட்சிகள் வண்டி நிற்க வெளியில் ஓர் இடம் ஒதுக்கி, அங்கிருந்து நடந்து செல்லும்படி செய்தால் போதும். நடக்க இயலாத முதியோர்க்கு மட்டும் ஒரே தடம் விடலாம்.

சிக்கிய வண்டியை மீட்க மரத்தில் சங்கிலி கட்டி வின்ச் கொண்டு இழுப்பதையும் கண்டிருக்கிறோம். சங்கிலி பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடும். சுற்றிலும் பட்டை உரிந்த மரம் பட்டுப்போகும். மேற்சொன்ன விளையாட்டுப் போட்டிகளில்கூட, மரத்தில் கட்டுவதற்கென்று அகன்ற துணிப்பட்டையைப் பயன்படுத்துவது வழக்கம். அது இல்லாவிடில் இரண்டு மூன்று கோணிகளை மடித்துச் சுற்றி, அதன் மேல் கயிற்றை அடிமரத்தில் தாழ்வாகக் கட்டலாம். மெலிந்த மரத்தில் கட்டவே கூடாது.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியது யாது? ஒவ்வொரு குக்கிராமத்துக்கும், கொல்லைத் தொகுதிக்கும் எது வண்டித் தடம் என்பதைக் கிராம சபையில் பேசி ஒன்றாக முடிவு செய்யலாம். அந்த ஒரு தடத்தில் குட்டை தேங்கும் இடங்களை மட்டும் சரளை கொட்டி உயர்த்தலாம். தடம் முழுவதையும் சாலையாக்கப் பணம் தேடிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட, ஐந்தாறு குட்டைகளை மேடாக்குவது உடனடிப் பயன் தரும். செங்கற் சல்லியையும் இடித்த வீட்டுக் குப்பையையும் கொட்டுவது கூடாது. அதில் உள்ள ஆணி டயரைக் கிழிக்கும், பாலிதீன் நீரை மறிக்கும். சரிவான இடங்களில், தடத்துக்குக் குறுக்கே சாய்வாக, அரை அடி உயரத்தில் மழுங்கிய கரை ஒன்று இட்டால், மழைநீர் தடத்தின் வழியே ஓடாமல் பக்கவாட்டில் வெளியேறிவிடும். வண்டியும் அதன் மேல் ஏறி இறங்கிச் செல்லும். ஐம்பது அறுபது அடிக்கு ஒன்றாக இக்கரைகள் அமைந்தால், பல பருவமழைக்குத் தடம் அரிக்காமல் இருக்கும். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த ஆள் இருந்தால் போதுமான வேலை இது. தடம் காப்புக்காட்டு எல்லையைத் தொடுமானால் வனச்சரக அலுவலரிடம் முன்னரே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டதால், ஏரிப் பக்கம் புதுத் தடம் போடும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

நீரைக் கடப்பது பற்றிச் சில சொற்கள். 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய வேளையில் ஊருக்குள் செல்ல வல்லது டிராக்டர் ஒன்றே என்பது அனுபவம். ஆனால் ஓடும் நீரின் வலு வேறு. ஓரடி ஆழ ஓட்டத்தில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். இரண்டடி ஆழ ஓட்டம் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும். டிராக்டர் கனமானதாயினும், அதன் பின்னே காலி டிரெய்லர் மிதந்து பக்கவாட்டில் திரும்பினால் டிராக்டரையும் இழுக்கும். ஆட்களை ஏற்றிய டிரெய்லருடன் ஓடும் நீரில் இறங்கவே கூடாது. தேங்கிய நீராயின், கோலுடன் ஒருவர் முன்னே நடக்க, முழங்காலுக்குக் கீழே உள்ள ஆழத்தில் மட்டும், தாழ்ந்த கியரில் நிறுத்தாமல் செல்லலாம். கடந்த பின் பிரேக்கைப் பலமுறை மெல்ல மிதித்து ஈரம் போக்கிய பின்னரே வேகம் எடுக்க வேண்டும். உப்பு நீரில் இறங்கிய வண்டியை அன்றைக்கே நல்ல நீரால் அடிப்பாகம் வரை கழுவி, கிரீஸ் முனைகள் யாவற்றிலும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கழுவுவது பயனற்றது.

தரைப்பாலங்களில் நீர் வழிந்தோடும்போது, பாலத்தின் விளிம்பு எங்கே, நீர் எவ்வளவு ஆழம் என்பது ஓட்டிக்குத் தெரிவதில்லை. இரு ஓரங்களிலும் பத்தடிக்கு ஒரு கல் நட்டு, அடி அடியாக வெள்ளையும் கறுப்பும் மாற்றிப் பூசிவிட்டால், வெள்ளை மறைந்தால் ஓரடி, அடுத்த கறுப்பும் மறைந்தால் இரண்டடி என்று இருட்டிலும் விளக்கொளியில் கண்டுகொள்ளலாம். கல்லும் சுண்ணாம்பும் ஊரிலேயே கிடைக்கும். புரட்டாசி முடிவதற்குள் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி பிறந்துவிட்டால் கல் நடுவதற்கே நீரில் இறங்க வேண்டியிருக்கும்.